கொரிலேஷன்: வந்த செய்தி எந்த ஓட்டத்துக்கு?

பினாங்கு லிட்டில் இந்தியாவில் உள்ள ஒரு சேலைக் கடை இணையத்திலும் விற்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஆர்டர் வந்ததும் கணினியில் அதற்கென ஒரு பணியோட்டம், அதாவது வேலையைப் படிப்படியாக நகர்த்தும் நிரல், தொடங்கி, பணம் வரும்வரை காத்து நிற்கும். தீபாவளி நெருங்கினால் இப்படி நூற்றுக்கணக்கான ஓட்டங்கள் காத்து நிற்கும். வங்கியிலிருந்து "180 ரிங்கிட் செலுத்தப்பட்டது" என்று ஒரு செய்தி வருகிறது. ஆனால் 180 ரிங்கிட் சேலையைப் பட்டர்வொர்த்தில் ஒருவரும் பாயான் லெப்பாஸில் ஒருவரும் கேட்டிருக்கிறார்கள். எந்த ஓட்டம் நகர வேண்டும்? வந்த செய்தியை அதற்குரிய ஓட்டத்திடம் கொண்டு சேர்ப்பதைத்தான் கொரிலேஷன் என்கிறார்கள்.

சொல்லின் வேர் லத்தீன். 'உடன்' என்ற பொருள் தரும் முன்னொட்டும் 'தொடர்பு' என்ற பொருள் தரும் சொல்லும் சேர்ந்தது. ஆங்கிலேய அறிஞர் பிரான்சிஸ் கால்டன் 1888இல் மனிதர்களின் உயரம், முன்கை நீளம் போன்ற அளவுகள் எவ்வளவு ஒத்து மாறுகின்றன என்று கணக்கிட்டபோது இது புள்ளியியல் சொல்லானது. தமிழ்நாட்டுப் பாடநூல்கள் அதை 'ஒட்டுறவு' என்கின்றன. புள்ளியியலுக்கு அருமையான சொல் அது.

அதையே எடுத்துப் பணியோட்டத்திலும் போட்டுவிடுகிறார்கள். அங்கேதான் பொருள் குழம்புகிறது. ஒட்டுறவு கூடும், குறையும், 0.3 என்றும் 0.8 என்றும் சொல்லலாம். வங்கிச் செய்திக்கு அப்படி அளவு ஏது? அது இந்த ஆர்டருக்கு உரியது, இல்லையென்றால் உரியதில்லை. அதனால் 'செய்திப் பொருத்தல்' என்பதே சரி என்பேன்.

2007இல் ஓயாசிஸ் என்ற தர அமைப்பு வெளியிட்ட, பணியோட்டங்களை எழுதும் மொழியான பிபெல் 2.0 தரத்தில் 'கொரிலேஷன் செட்' உண்டு; செய்தியைப் பொருத்த உதவும் விவரங்களின் தொகுப்பு அது. 2011இல் வந்த, பணியோட்டங்களைப் படமாக வரையும் தரமான பிபிஎம்என் 2.0இல் அதே வேலைக்கு 'கொரிலேஷன் கீ' உண்டு. 'கீ' என்றதும் 'சாவி' என்று எழுதத் தோன்றும். ஆனால் இது எதையும் திறப்பதில்லை, எந்த ஓட்டம் என்று அடையாளம் காட்டுகிறது. 'பொருத்துக்குறி' என்றால் படித்தவுடன் விளங்கும்.

எதைக் குறியாக வைப்பது என்பதில் கவனம் வேண்டும். தொலைபேசி எண் கைக்கு எளிதுதான். ஆனால் ஓர் அம்மா ஒரே மாலையில் தனக்கொன்று, மகளுக்கொன்று எனத் தனித்தனியாக இரண்டு ஆர்டர் போட்டால் ஒரே குறிக்கு இரண்டு ஓட்டங்கள் நிற்கும். பணியோட்டங்களை இயக்கும் மென்பொருளான கமுண்டா 7 இப்படி ஒன்றுக்கு மேல் பொருந்தினாலும், ஒன்றுமே பொருந்தாவிட்டாலும் பிழை என்று நிறுத்திவிடும். ஆர்டர் எண்ணை வங்கிக்கு அனுப்பி, பதிலிலும் அதையே திருப்பித் தரச் சொல்வதே நல்லது.

அப்புறம், நேரம். சில சமயம் ஓட்டம் காத்திருக்கும் கட்டத்துக்கு வருமுன்பே பணம் வந்த செய்தி வந்துவிடும். ஸீபி போன்ற பணியோட்ட மென்பொருள்களில் செய்தியை எவ்வளவு நேரம் பிடித்துவைக்க வேண்டும் என்று சொல்லலாம். அந்த நேரத்தைப் பூஜ்யமாக விட்டால், அப்போதே பொருந்தாத செய்தி தூக்கி எறியப்படும். கட்டணச் செய்திக்கு அப்படி விடவே கூடாது.