கொட்டித் தீர்த்தால் மட்டும் போதுமா? வரைவதும் எழுதுவதும் மனக்காயத்தை ஆற்றும் விதம்

மனதில் இருப்பதைக் கொட்டித் தீர்த்துவிட்டால் பாரம் குறையும் என்று எல்லோரும் சொல்வார்கள். ஓவியச் சிகிச்சை, எழுத்துப் பயிற்சி என்று பேச்சு வந்தாலும் முதலில் வரும் விளக்கம் இதுதான். ஆய்வுகள் காட்டும் படம் கொஞ்சம் வேறு. கொட்டியதை ஒருவர் கோர்க்கத் தொடங்கும்போதுதான் பெரும்பாலும் மாற்றம் தெரிகிறது.

ஜேம்ஸ் பென்னிபேக்கர், சாண்ட்ரா பீல் என்ற அமெரிக்க உளவியலாளர்கள் 1986-இல் வெளியிட்ட ஆய்வை எடுத்துக்கொள்வோம். கல்லூரி மாணவர்கள் தொடர்ந்து 4 நாள், தினம் 15 நிமிடம் எழுத வேண்டும். ஒரு குழுவுக்குச் சாதாரண விஷயங்கள். மற்றவர்கள் தங்கள் வாழ்க்கையின் மிக மோசமான அனுபவத்தை எழுதினார்கள்: சிலர் நடந்ததை மட்டும், சிலர் உணர்ச்சியை மட்டும், இன்னும் சிலர் இரண்டையும் சேர்த்து. இரண்டையும் சேர்த்து எழுதியவர்களுக்கு எழுதி முடித்த கையோடு மனம் இன்னும் கனத்துப்போனது, ரத்த அழுத்தம்கூட ஏறியது. ஆனால் அடுத்த ஆறு மாதங்களில் உடம்பு சரியில்லை என்று கல்லூரி மருத்துவ மையத்துக்குப் போனது அவர்கள்தான் குறைவு. உணர்ச்சியை மட்டும் கொட்டியவர்களுக்கு அந்தப் பலன் கிடைக்கவில்லை.

பென்னிபேக்கர் பிறகு இத்தகைய எழுத்துகளைச் சொல் சொல்லாக எண்ணிப் பார்த்தார். பலன் பெற்றவர்களின் எழுத்தில் முதல் நாளைவிடக் கடைசி நாளில் ‘ஏனென்றால்’, ‘அதனால்தான்’, ‘இப்போது புரிகிறது’ போன்ற சொற்கள் கூடியிருந்தன. அதாவது முதல் நாள் சிதறிக் கிடந்தது, நான்காம் நாள் ஒரு கதையாகியிருந்தது.

கதைக்கு ஏன் இவ்வளவு சக்தி? பேரதிர்ச்சியின் நினைவு மற்ற நினைவுகள் போலப் பதிவதில்லை என்பது பல ஆய்வாளர்களின் கருத்து. ஒரு வாசனை, ஒரு சத்தம், ஒரு முகம் என்று துண்டு துண்டாக நிற்கிறது. எப்போது, எங்கே என்ற முத்திரை மங்கலாக இருப்பதால், துண்டு ஒன்று தூண்டப்பட்டாலே ‘இப்போது நடக்கிறது’ என்று உடல் பதறுகிறது. 1996-இல் பி.டி.எஸ்.டி. (பேரதிர்ச்சிக்குப் பின் நீடிக்கும் மனநலப் பாதிப்பு) உள்ள சிலரிடம் அவர்களுடைய அனுபவத்தையே வாசித்துக் காட்டி மூளையைப் படமெடுத்தார்கள். பேச்சோடு தொடர்புடைய புரோக்கா பகுதியின் செயல்பாடு அந்த நேரத்தில் குறைந்திருந்தது. சிறிய ஆய்வுதான். ஆனாலும் ‘வாய் எழவில்லை’ என்று அவர்கள் சொல்வதை நாம் நம்பத்தான் வேண்டும். அந்த இடத்தில் வண்ணமும் களிமண்ணும் உதவுகின்றன, ஏனென்றால் தொடங்குவதற்கு வாக்கியம் தேவையில்லை.

ஜெர்மனியின் கான்ஸ்டன்ஸ் பல்கலைக்கழக உளவியலாளர்கள் அகதிகளுக்காக உருவாக்கிய முறை ஒன்றில் இதைக் கண்கூடாகப் பார்க்கலாம். தரையில் நீளமாக ஒரு கயிறு. ஒரு முனை பிறப்பு. நல்லது நடந்த இடங்களில் பூ, வலித்த இடங்களில் கல். பெரிய வலிக்குப் பெரிய கல். மறுமுனையில் கொஞ்சம் கயிறு சுருட்டியே இருக்கும், அது இனி வரப்போகும் நாட்கள். அப்புறம் ஒவ்வொரு கல்லாக, காலவரிசைப்படி, அவர் சொல்லச் சொல்லச் சிகிச்சையாளர் எழுதி, அடுத்த அமர்வில் வாசித்துக் காட்டுகிறார். உகாண்டாவில் சூடான் அகதிகள் 43 பேரிடம் சோதித்து 2004-இல் வெளியிட்ட முடிவின்படி, ஓராண்டுக்குப் பிறகும் பி.டி.எஸ்.டி. நீடித்தவர்கள் இந்த முறையில் 29 விழுக்காடு, ஆதரவு ஆலோசனை மட்டும் பெற்றவர்களில் 79 விழுக்காடு. கல்லைக் கயிற்றின் மேல் வைக்கும்போதே அதற்கு முன்னும் பின்னும் வாழ்க்கை இருந்தது கண்ணுக்குத் தெரிந்துவிடுகிறது. என் கணிப்பில் பாதி வேலை அங்கேயே நடக்கிறது.

இன்னொரு வழி, வலியை ஆளிலிருந்து பிரித்து வைப்பது. மைக்கேல் ஒயிட், டேவிட் எப்ஸ்டன் என்ற குடும்பச் சிகிச்சையாளர்கள் வளர்த்தெடுத்த கதையாடல் சிகிச்சையில், பயந்த குழந்தையிடம் அந்தப் பயத்துக்கு ஒரு பெயர் வைக்கவும் அதை வரையவும் சொல்லலாம். அது எப்போது வரும், என்ன பேசும், யாரைக் கண்டால் ஒளிந்துகொள்ளும்? ‘நான் பயந்தாங்கொள்ளி’ என்றிருந்த பிள்ளை, தான் ஜெயித்த தருணங்களைத் தானே தேடி எடுத்துச் சொல்லத் தொடங்கும்.

கைவண்ணம் இல்லையே என்ற தயக்கம் வேண்டாம். அமெரிக்காவின் டிரெக்சல் பல்கலைக்கழகம் 2016-இல் வெளியிட்ட ஆய்வில் 39 பேர் 45 நிமிடம் களிமண், பேனா, வெட்டி ஒட்டும் படங்கள் என்று எதையாவது செய்தார்கள். முக்கால்வாசிப் பேருக்குக் கார்டிசால் என்ற மனஅழுத்த ஹார்மோன் குறைந்தது. முன் அனுபவம் இருந்ததா இல்லையா என்பது முடிவை மாற்றவில்லை.

எப்போதும் வலியையே வரைய வேண்டும் என்பதும் இல்லை. ஜெனிஃபர் டிரேக், எலன் வின்னர் என்ற உளவியலாளர்கள் செய்த சோதனைகளில், துக்கத்தை வரைந்தவர்களைவிட வேறு எதையோ வரைந்து கவனத்தைத் திருப்பியவர்களின் மனநிலைதான் அப்போதைக்கு அதிகம் தேறியது. இன்று ராத்திரி தூங்க வேண்டும் என்றால் ஒரு மரத்தையோ பூனையையோ வரையுங்கள். நடந்ததை அலசும் வேலைக்குத் தெம்பான வேறொரு நாள் போதும்.

பலனை மிகைப்படுத்தவும் கூடாது. 146 எழுத்து ஆய்வுகளைத் தொகுத்த 2006-ஆம் ஆண்டுப் பகுப்பாய்வு, பலன் உண்டு, ஆனால் சராசரியில் சிறியது என்றது. விபத்தோ இழப்போ நடந்த சூட்டோடு யாரையும் உட்காரவைத்து ‘எல்லாத்தையும் சொல்லு’ என்று வற்புறுத்துவது உதவாது, சிலருக்குக் கெடுதலும் செய்யலாம். சில தடவை எழுதிய பிறகும் அதே வாக்கியங்கள் சுற்றிச் சுற்றி வருகின்றன, தூக்கம் கெடுகிறது, சாக வேண்டும் என்ற எண்ணம் தலைகாட்டுகிறது என்றால் நோட்டை மூடி வைத்துவிட்டு மனநல மருத்துவரைப் பாருங்கள். எழுதியதை, வரைந்ததை அவரிடம் எடுத்துப் போகலாம். வாய்விட்டுச் சொல்ல முடியாததை அவருக்கு அது சொல்லும்.