கரப்பான் உள்ள குழந்தைக்கு முட்டையை நிறுத்தும் முன்

கன்னம் சிவந்து, முழங்கை மடிப்பு உரிந்துபோன குழந்தையைத் தூக்கி வரும் பெற்றோர் பலரின் கையில் அலர்ஜிக்கான ரத்தப் பரிசோதனைத் தாளும் இருக்கும். பால், முட்டை, கோதுமை, வேர்க்கடலை என வரிசையாக ‘பாசிட்டிவ்’. “எதையெல்லாம் நிறுத்தணும் டாக்டர்?” என்பார்கள். நான் முதலில் பார்ப்பது குழந்தையின் உள்ளங்கையை. ரேகைகள் வழக்கத்தைவிட ஆழமாக, நெருக்கமாக ஓடுகின்றனவா? முன்னங்காலில் தோல் மீன்செதில் போல வறண்டிருக்கிறதா? இரண்டும் இருந்தால் ஃபிலாக்ரின் என்ற தோல் புரதத்தின் குறைபாடு இருக்கலாம். அப்பா அம்மாவின் கையையும் காட்டச் சொல்வேன். பெரும்பாலும் ஒருவரிடம் அதே ரேகைகள் இருக்கும்.

ஃபிலாக்ரின் மேல்தோலை இறுக்கிக் கட்டும் புரதம். அது சிதைந்து கிடைக்கும் அமினோ அமிலங்கள்தான் தோலில் ஈரத்தைப் பிடித்து வைக்கின்றன. இதன் மரபணுவில் பிறழ்வு இருந்தால் எக்ஸிமா, அதாவது நாம் கரப்பான் என்பது, வரும் வாய்ப்பு கூடுகிறது என்று 2006-இல் ஸ்காட்லாந்தின் டண்டீயில் இர்வின் மெக்லீன் குழுவினர் காட்டினார்கள். ஐரோப்பியரில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு இந்தப் பிறழ்வு உண்டு. ஆசியர்களிடம் காணப்படும் பிறழ்வுகள் பெரும்பாலும் வேறு.

இந்தப் பிறழ்வு நேராக அலர்ஜியைத் தருவதில்லை. வெடித்த தோல் வழியே தூசிப்பூச்சியின் புரதமோ உணவுத் துகளோ உள்ளே போகிறது. உடல் அதைப் பகையாகப் பார்த்து, அலர்ஜியைத் தூண்டும் ஐஜிஇ (IgE) என்ற எதிர்ப்புப் புரதத்தைத் தயாரித்து வைக்கிறது. அதே உணவு வாய்வழியே முதலில் போனால் குடல் பெரும்பாலும் அதற்குப் பழகிக்கொள்ளும். ஜப்பானில் கோதுமைப் புரதம் கலந்த முகச்சோப்பு போட்ட இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோருக்குக் கோதுமை அலர்ஜி வந்தது. அதற்கு முன் கோதுமையை நிம்மதியாகச் சாப்பிட்டவர்கள் அவர்கள்! லண்டனில் கிடியன் லாக் நடத்திய ஆய்வு 2015-இல் வெளியானது. கடும் எக்ஸிமாவோ முட்டை அலர்ஜியோ இருந்த 640 குழந்தைகளில், சிறுவயதிலேயே வேர்க்கடலை உணவு தரப்பட்டவர்களில் 3 சதவீதம் பேருக்கும், தவிர்த்தவர்களில் 17 சதவீதம் பேருக்கும் ஐந்து வயதில் வேர்க்கடலை அலர்ஜி இருந்தது.

அதனால்தான் கரப்பான் உள்ள தோலில் பயத்தமாவு, கடலைமாவு தேய்க்க வேண்டாம் என்கிறேன். பாட்டிமார்களுக்கு இது பிடிக்காது, தெரியும். குளித்ததும் ஈரம் காய்வதற்குள் மணமில்லாத மாய்ஸ்சரைசரைத் தாராளமாகப் பூசுங்கள். சிவந்த இடங்களுக்கு டாக்டர் எழுதிய ஸ்டீராய்டு களிம்பைப் பயந்து பாதியில் விடாதீர்கள்.

சரி, அந்தத் தாள்? பாசிட்டிவ் என்றால் உடல் அந்த உணவுக்கு எதிராக ஐஜிஇ வைத்திருக்கிறது, அவ்வளவுதான். முட்டை தின்று குழந்தை நன்றாக இருக்கிறதென்றால், தாளை மட்டும் நம்பி நிறுத்தாதீர்கள். பழகிய உணவைப் பல மாதம் விலக்கிவிட்டு மறுபடி கொடுத்தபோது கடும் அலர்ஜி வந்த குழந்தைகள் உண்டு. ஆனால் சாப்பிட்ட சிறிது நேரத்தில் தடிப்பு, உதடு வீக்கம், வாந்தி வந்தால் அந்த உணவை உடனே நிறுத்தி டாக்டரைப் பாருங்கள். மூச்சுத் திணறினால் நேரே அவசரப் பிரிவுக்குப் போங்கள். கடும் கரப்பான் உள்ள கைக்குழந்தைக்கு முதன்முதலாக வேர்க்கடலை கொடுப்பதையும் டாக்டரிடம் கேட்டே தொடங்குங்கள். முழுக்கடலை கூடவே கூடாது, புரையேறும்.