கணக்குக்கு யார் வருகிறார்கள்: சாரா, டீச்சரா?

ஜூன் மாதம் பள்ளி திறந்த முதல் நாள் சாயங்காலம், புத்தகப் பையை இறக்கி வைக்கும் முன்பே பிள்ளையிடம் கேட்கிறோம்: “கணக்குக்கு யார், சாரா, டீச்சரா?” எழுத்தில் ‘ஆசிரியர்’ இரு பாலுக்கும் பொதுவான சொல். பேச்சில் அதை உடனே இரண்டாகப் பிரித்துவிடுகிறோம். பிரித்த கையோடு தீர்ப்பும் வந்துவிடுகிறது. சின்ன வகுப்பென்றால் டீச்சர் நல்லது, பொறுமையாகச் சொல்லிக்கொடுப்பார். பெரிய வகுப்பென்றால், அதிலும் கணக்கென்றால், சார் வந்தால்தான் பிள்ளைகள் அடங்குவார்கள்.

இந்தத் தீர்ப்பில் எவ்வளவு உண்மை இருக்கிறது என்பதைக் கடந்த இருபது ஆண்டுகளில் பல நாடுகளில் அளந்து பார்த்திருக்கிறார்கள். அளப்பது சுலபமாக இருக்கவில்லை. சார் எடுக்கும் வகுப்பின் சராசரி மதிப்பெண்ணையும் டீச்சர் எடுக்கும் வகுப்பின் சராசரியையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. டீச்சர்கள் ஊருக்கு அருகில் உள்ள பள்ளிகளில் அதிகம் இருக்கலாம். அடங்காத வகுப்பைத் தலைமையாசிரியர் சாரிடம் தள்ளியிருக்கலாம். வித்தியாசம் ஆசிரியரால் வந்ததா, பள்ளியால் வந்ததா, பிள்ளைகளால் வந்ததா என்று பிரிக்க முடியாது.

மாணவர்களையே கேட்டுவிடலாமே என்றால், அது இன்னும் மோசம். அமெரிக்காவின் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஓர் இணையவழி வகுப்பை வைத்து நடந்த சோதனை 2015-இல் வெளியானது. இரண்டு உதவி ஆசிரியர்கள், ஓர் ஆண், ஒரு பெண். ஒவ்வொருவரும் ஒரு குழுவுக்குச் சொந்தப் பெயரிலும், இன்னொரு குழுவுக்கு மற்றவர் பெயரிலும் பாடம் நடத்தினார்கள். மாணவர்கள் அவர்கள் முகத்தைப் பார்க்கவே இல்லை. எல்லாக் குழுக்களுக்கும் வீட்டுப்பாடம் திருத்தப்பட்டு ஒரே நேரத்தில் திரும்பி வந்தது. ‘வேலையைத் தாமதமின்றி முடிக்கிறாரா?’ என்ற கேள்விக்கு, ஆண் பெயர் தாங்கியவருக்கு ஐந்துக்கு 4.35, பெண் பெயர் தாங்கியவருக்கு 3.55. மொத்தம் 43 மாணவர்கள்தான், சிறிய சோதனை. ஆனாலும் ஒரே நாளில் திரும்பிவந்த தாளுக்கு இரண்டு விதமான மதிப்பு என்பதைப் படித்தபோது எனக்கு மனம் வலித்தது.

ஆகவே தேர்வு மதிப்பெண்ணைத்தான் நம்ப வேண்டும், அதையும் கவனமாகக் கையாள வேண்டும். இதற்கு நல்ல எடுத்துக்காட்டு நம் பக்கத்திலேயே இருக்கிறது. தெலங்கானா பிரிவதற்கு முந்தைய ஆந்திரப் பிரதேசத்தின் கிராமப்புற அரசுத் தொடக்கப் பள்ளிகளில், ஐந்து ஆண்டுகளாகத் திரட்டிய தேர்வு முடிவுகளைக் கார்த்திக் முரளிதரனும் கேத்கி ஷேத்தும் ஆராய்ந்தார்கள். அந்தப் பள்ளிகளில் ஒரு வகுப்புக்கு ஓர் ஆசிரியர். தெலுங்கும் அவரே, கணக்கும் அவரே. ஒரே பள்ளியின் அதே மூன்றாம் வகுப்பை இந்த ஆண்டு ஒரு சார் எடுத்திருப்பார், இன்னோர் ஆண்டு ஒரு டீச்சர் எடுத்திருப்பார். கட்டடம் அதேதான், ஊரும் அதேதான். அந்த வகுப்பில் சிறுவர்களுக்கும் சிறுமிகளுக்கும் இடையிலான இடைவெளி சார் இருந்த ஆண்டில் எவ்வளவு, டீச்சர் இருந்த ஆண்டில் எவ்வளவு என்று பார்த்தால், பள்ளியின் குறை நிறைகள் இரு பக்கமும் அடிபட்டுப்போகும். தராசின் இரு தட்டிலும் ஒரே எடையை வைத்துவிட்டு, மிச்சமிருக்கும் சாய்வை மட்டும் படிப்பது போன்ற வேலை.

சாய்வு இருக்கத்தான் செய்தது. சார்கள் சிறுவர்களுக்கும் டீச்சர்கள் சிறுமிகளுக்கும் சற்றே கூடுதலாகப் பயன்பட்டார்கள். ஆனால் இரண்டும் சமமாக இல்லை. ஒட்டுமொத்தத்தில் டீச்சர்களின் கற்பித்தல் கொஞ்சம் மேலாக இருந்ததால், டீச்சரிடம் படித்த ஆண்டுகளில் சிறுமிகள் முன்னேறினார்கள், சிறுவர்களுக்கு இழப்பும் இல்லை. சிறுமிகளுக்குக் கிடைத்த லாபம் 0.036 திட்ட விலக்கம் (மதிப்பெண்கள் சராசரியைச் சுற்றி எவ்வளவு பரவியிருக்கின்றன என்பதைக் காட்டும் அளவு இது). நூறு பிள்ளைகளை மதிப்பெண் வரிசையில் நிறுத்தினால், நடுவில் நிற்கும் ஒரு சிறுமி ஓராண்டில் ஏறக்குறைய ஒன்றரை இடம் முன்னே நகர்வாள். அவ்வளவுதான்.

இந்தச் சிறிய எண்ணோடு வந்த இன்னொரு கண்டுபிடிப்பு எனக்கு அதைவிட முக்கியமாகப் படுகிறது. டீச்சர் இருந்தால் பெண் பிள்ளைகள் தவறாமல் பள்ளிக்கு வருவார்கள், அதனால்தான் மதிப்பெண் கூடுகிறது என்று பலரும் நினைப்பார்கள். வருகைப் பதிவேட்டில் அப்படி எந்த மாற்றமும் இல்லை. அதே நாட்கள்தான் வந்திருக்கிறார்கள், வந்த நாளில் கூடுதலாகக் கற்றிருக்கிறார்கள். அப்படியென்றால் விஷயம் நான்கு சுவர்களுக்குள்தான் நடக்கிறது.

வகுப்பு ஏற ஏற அந்தப் பள்ளிகளில் சிறுமிகள் கணக்கில் ஆண்டுக்கு 0.02 திட்ட விலக்கம் வீதம் பின்தங்கிக்கொண்டே போனார்கள். மேல் வகுப்புகளில் சார்கள் அதிகம் என்பது இந்தச் சரிவில் 10 முதல் 20 சதவீதத்தை மட்டுமே விளக்கியது. மீதி வேறு காரணங்களால் வந்தது.

இவற்றை எல்லாம் ஓர் அளவுகோலில் வைத்துப் பார்க்க வேண்டும். ஒரு சராசரி ஆசிரியருக்கும் அவரைவிடத் தெளிவாக மேலான ஓர் ஆசிரியருக்கும் உள்ள வேறுபாடு, ஓராண்டில் பிள்ளைகளின் மதிப்பெண்ணில் ஏறக்குறைய 0.1 முதல் 0.2 திட்ட விலக்கம் வரை என்று பல ஆய்வுகள் சொல்கின்றன. பால் வேறுபாட்டால் வருவதைப் போல இது பல மடங்கு. நல்ல சாருக்கும் சுமாரான சாருக்கும் இடையில் உள்ள தூரம், சாருக்கும் டீச்சருக்கும் இடையில் உள்ள தூரத்தைவிட மிகப் பெரியது.

அந்த நான்கு சுவர்களுக்குள் என்னதான் நடக்கிறது? சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2010-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இதற்குள் கண்ணை வைத்துப் பார்த்தது. முதல், இரண்டாம் வகுப்பு எடுக்கும் 17 பெண் ஆசிரியர்கள், அவர்களிடம் படிக்கும் 117 பிள்ளைகள். கணக்கென்றால் ஆசிரியருக்கே எவ்வளவு பதற்றம் என்பதை முதலில் அளந்துகொண்டார்கள். பிறகு பிள்ளைகளுக்கு இரண்டு குட்டிக் கதைகள் சொன்னார்கள். ஒன்றில் கணக்கில் கெட்டிக்காரப் பிள்ளை, மற்றொன்றில் வாசிப்பில் கெட்டிக்காரப் பிள்ளை. ஆணா பெண்ணா என்று கதையில் இல்லை. “அந்தப் பிள்ளையை வரைந்து காட்டு” என்று தாளையும் பென்சிலையும் கொடுத்தார்கள்.

ஆண்டின் தொடக்கத்தில் ஆசிரியரின் பதற்றத்துக்கும் அந்தப் படங்களுக்கும் தொடர்பே இல்லை. ஆண்டு முடிவில் இருந்தது. டீச்சரின் பதற்றம் எவ்வளவு அதிகமோ, அவ்வளவு அதிகமாக அவரிடம் படித்த சிறுமிகள் கணக்குக்குப் பையனையும் வாசிப்புக்குப் பெண்ணையும் வரைந்தார்கள். அப்படி வரைந்த சிறுமிகளின் கணக்கு மதிப்பெண்ணும் குறைந்திருந்தது. சிறுவர்களிடம் இந்தப் பாதிப்பு தெரியவில்லை. கரும்பலகை முன் ஒரு கணம் தயங்கும் கை, “எனக்கும் சின்ன வயதில் கணக்கு வராது” என்று ஆறுதலாகச் சொல்லும் ஒரு வாக்கியம்: நல்லெண்ணத்தோடு சொல்லப்படும் இப்படிப்பட்டவை ஏழு வயதுப் பெண்ணிடம் எப்படிப் போய்ச் சேரும் என்று நான் யோசித்துக்கொண்டே இருக்கிறேன். தன்னைப் போன்றவரைப் பார்த்துப் பிள்ளை நம்பிக்கையைக் கற்றுக்கொள்ளும் என்றால், அதே வழியில் அச்சத்தையும் கற்றுக்கொள்ளும்.

அமெரிக்காவின் பின்தங்கிய பகுதிப் பள்ளிகளில் நடந்த இன்னோர் ஆய்வும் (2015) இதற்கு ஒத்தே வருகிறது. கணிதப் பின்புலம் வலுவாக இல்லாத டீச்சரிடம் படித்த சிறுமிகள் கணக்கில் இறங்கினார்கள். வலுவான பின்புலம் உள்ளவரிடம் அந்தச் சரிவு மறைந்துவிட்டது. மறுமுனையில், கொலராடோவில் உள்ள அமெரிக்க விமானப்படை அகாடமி. அங்கே கட்டாயப் பாடங்களுக்கு மாணவர்கள் ஆசிரியரைத் தேர்ந்தெடுக்க முடியாது, குலுக்கல் போல ஒதுக்கப்படுகிறார்கள். தேர்வும் எல்லோருக்கும் ஒன்றே. கணிதம், அறிவியல் பாடங்களைப் பெண் பேராசிரியர் எடுத்தால் மாணவிகளின் மதிப்பெண் கூடியது, மாணவர்களுக்குப் பெரிய மாற்றமில்லை. கணிதத்தில் மிகவும் கெட்டிக்கார மாணவிகளிடம் இந்த விளைவு அத்தனை வலுவாக இருந்ததால், அவர்களுக்கும் ஆண்களுக்கும் இடையிலான இடைவெளியே காணாமல் போனது. மொழி, வரலாறு போன்ற பாடங்களில் இப்படி எதுவும் பெரிதாக இல்லை. பெண்ணால் ஆகாது என்ற பேச்சு எந்தப் பாடத்தைச் சுற்றி இருக்கிறதோ, அங்கேதான் ஆசிரியரின் பால் கணக்கில் வருகிறது.

அந்தப் பேச்சு ஆசிரியரின் மனதுக்குள் இருந்தாலே போதும். இத்தாலியில் மிக்கேலா கர்லானா செய்து 2019-இல் வெளியான ஆய்வில், ‘கணிதம் ஆண்களுக்கு’ என்ற உள்ளுணர்வு யாரிடம் எவ்வளவு என்று கணினிச் சோதனை ஒன்றில் அளந்தார்கள். அது வலுவாக இருந்த ஆசிரியர்களிடம் சிறுமிகள் பின்தங்கினார்கள், தம் கணிதத் திறமை மீது நம்பிக்கை இழந்தார்கள், எளிதான மேல்நிலைப் பள்ளிப் பிரிவுகளை நோக்கி நகர்ந்தார்கள்.

சிறுவர்களின் பக்கத்தையும் பார்க்க வேண்டும், ஏனென்றால் தொடக்கப் பள்ளிகளில் சார்களே இல்லாமல் போவது பல நாடுகளின் கவலை. பின்லாந்தில் தொடக்கப் பள்ளி ஆசிரியர் பயிற்சியில் 40 சதவீத இடம் ஆண்களுக்கென்று 1989 வரை ஒதுக்கப்பட்டிருந்தது. மதிப்பெண் குறைந்த ஆண்கள் உள்ளே வருகிறார்கள், பிள்ளைகளின் படிப்பு கெடும் என்பதுதான் எதிர்பார்ப்பாக இருந்திருக்கும். உர்சினா ஷேடே, வில்லே மான்க்கி இருவரும் அந்த ஆசிரியர்களிடம் படித்த பிள்ளைகளை 25 வயது வரை பின்தொடர்ந்து பார்த்தார்கள். ஒதுக்கீட்டில் வந்த சார்கள் அதிகம் இருந்த பள்ளிகளில் படித்தவர்கள் கூடுதலாகப் படித்திருந்தார்கள், வேலையிலும் நிலைத்திருந்தார்கள். பயன் சிறுவர்களுக்கு மட்டும் என்றில்லை, சிறுமிகளுக்கும் ஏறக்குறைய அதே அளவு. ஒதுக்கீடு இல்லாதபோது நடந்த தேர்வு முறையே ஒரு பக்கம் சாய்ந்திருந்தது, நல்ல ஆசிரியராகக்கூடிய பல ஆண்கள் அதில் வாசலிலேயே நின்றுவிட்டார்கள் என்பது அவர்கள் தரும் விளக்கம்.