பதினோரு சிவப்புப் புள்ளி, ஒரு மெமோ

போன வாரம் சென்னையில் ஒரு மருத்துவமனை. இந்த வருடம் இதே கூத்தை நான் பார்ப்பது நான்காவது இடத்தில். ஃபார்மசியில் டோக்கன் எடுத்த ஒவ்வொருவரும் எத்தனை நிமிடம் காத்திருந்தார் என்று ஒருவர் விடாமல் கன்ட்ரோல் சார்ட்டில் (வழக்கமான ஏற்ற இறக்கத்துக்கு மேலும் கீழும் எல்லைக் கோடு போட்டு, தாண்டும் புள்ளியைச் சிவப்பாகக் காட்டும் வரைபடம்) குத்தி வைத்திருக்கிறார்கள், திங்கட்கிழமை காலை பதினோரு புள்ளி தொடர்ந்து மேல் எல்லையைத் தாண்டியிருக்கிறது, உடனே கவுண்டரில் இருந்த பெண்ணுக்கு மெமோ. "முப்பது பேர் நிக்கிறாங்க, நான் என்ன சார் பண்ணுவேன்?" என்று அவர் கேட்டார். சரியான கேள்வி.

அமெரிக்கப் பொறியாளர் வால்டர் ஷூஹார்ட் 1924-இல் வரைந்த இந்தச் சார்ட் தொழிற்சாலைக்கானது. அம்பத்தூரில் கடையும் ஒரு போல்ட்டின் விட்டம் பக்கத்து போல்ட்டைக் கேட்டுக்கொண்டு வருவதில்லை. வரிசை அப்படியா? முன்னால் நிற்பவர் இருபது நிமிடம் காத்திருந்தால் நானும் கிட்டத்தட்ட அவ்வளவுதான், எனக்குப் பின்னால் இருப்பவரும் அப்படித்தான். ஒரு பெரியவர் பையில் சீட்டைத் தேடிய ஐந்து நிமிடம் அவருக்குப் பின்னால் நிற்கும் எல்லார் கணக்கிலும் ஏறும். பதினோரு பேர் வந்து சாட்சி சொன்னதாக நினைக்கிறீர்கள்; ஒரே ஆள்தான் பதினோரு தடவை வந்து போயிருக்கிறார். அதைவிட மோசம், அடுத்தடுத்த புள்ளிகள் ஒட்டிக்கொண்டே போவதால் அவற்றின் வித்தியாசத்தை வைத்து சாஃப்ட்வேர் போடும் எல்லையும் சுருங்கிவிடும். அப்புறம் எல்லாமே சிவப்புதான்!

போதாததற்குக் காத்திருப்புக்கு வாலும் நீளம்: சிலருக்கு மட்டும் நேரம் ரொம்ப இழுக்கும். ஒற்றைக் கவுண்டரின் எளிய கணக்கில், ஒருவர் வந்து வேலை முடித்துப் போகும் நேரம் ஒரு கோளாறும் இல்லாமலே 100-க்கு 1.8 தடவை மூன்று சிக்மா மேல் எல்லையை (சராசரியோடு திட்டவிலக்கத்தைப் போல மூன்று மடங்கு கூட்டிய கோடு) தாண்டும். சராசரிக்கு இருபுறமும் சமமாகச் சரியும் மணி வடிவப் பரவலில் அது 1000-க்கு 1.35. அதே கணக்கில் கவுண்டர் 80 சதவீத நேரம் வேலையாக இருந்தால் சராசரியாக 4 பேர் இருப்பார்கள், 90 ஆனால் 9, 95 ஆனால் 19. கவுண்டர் ஆளின் கை வேகம் துளிகூடக் குறைந்திருக்காது.

தயவுசெய்து காத்திருப்பை ஆள் ஆளாகக் குத்தாதீர்கள். கால் மணிக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்பதற்கு ஒரு சார்ட், ஒருவரைக் கவனிக்க எவ்வளவு நேரம் ஆனது என்பதற்கு ஒரு சார்ட். காத்திருப்புதான் வேண்டுமென்றால் நாளுக்கு ஒரு சராசரி போதும், திங்களைத் திங்களோடு ஒப்பிடுங்கள். '15 நிமிட இலக்கு' என்று மேலிடம் சொன்ன கோட்டை, தரவிலிருந்து வர வேண்டிய கட்டுப்பாட்டு எல்லை என்று வரைபவர்களிடம் எனக்குப் பேசத் தெம்பில்லை.

அப்புறம், அந்த மெமோவைத் திரும்ப வாங்கிவிடுங்கள் சார். அன்று காலை பக்கத்துக் கவுண்டர் மூடிக் கிடந்தது. அது உங்கள் எந்தச் சார்ட்டிலும் இல்லை.