ஹிட்டாச்சி வாங்குமுன் தெருவை அளந்து பாருங்கள்

பெரியபட்டினம் பக்கம் ஒரு பனந்தோப்புக்குள் 20 டன் எடையுள்ள ஹிட்டாச்சி, அதாவது செயினில் நகர்ந்து மண் தோண்டுகிற வண்டி ஒன்று, ஐப்பசியிலிருந்து நிற்கிறது. முன்கையான ஆர்மை உள்ளே மடக்கி, பக்கெட்டைச் சுருட்டி, தரையில் ஊன்றிவிட்டுப் போனவர்கள் தை பிறந்த பிறகுதான் திரும்பிப் பார்த்திருக்கிறார்கள். "ஆர்ம் சிலிண்டர்ல எண்ணெய் ஒழுகுதுண்ணே, ஒரு எட்டு வந்துட்டுப் போங்க" என்று போன். போய்ப் பார்த்தேன். சிலிண்டரிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருந்த ராடு முழுக்க அம்மைத் தழும்பு மாதிரி குழி குழியாக இருந்தது. விரலால் தடவினால் நகம் மாட்டுகிறது. அங்கிருந்து கடல் கூப்பிடு தூரம். மூன்று மாதம் உப்புக்காற்று குடித்த ராடு, எண்ணெயைத் தடுக்கிற எந்த சீலை விட்டுவைக்கும்?

சீல் மாற்றுவது பெரிய விஷயமில்லை. அந்த வண்டி ஏன் மூன்று மாதம் சும்மா நின்றது என்பதுதான் என் வயிற்றெரிச்சல். இந்த மழைக்காலத்தில் மட்டும் இப்படி நின்று கெட்ட வண்டிகளில் இது மூன்றாவது.

வண்டிக்காரத் தம்பி துபாயில் 9 வருடம் லாரி ஓட்டிச் சேர்த்த பணத்தோடு ஊர் திரும்பியவர். முன்பணம் கட்டி, மீதிக்கு ஃபைனான்ஸ் போட்டு, பழைய 20 டன் வண்டியாகப் பார்த்து எடுத்திருக்கிறார். "ஏன் தம்பி, எடுத்த எடுப்பிலேயே 20 டன்?" என்று கேட்டேன். "பெருசா இருந்தா பெரிய வேலையும் பாக்கலாம், சின்ன வேலையும் பாக்கலாம்ல அண்ணே" என்றார்.

22 வருடமாக இந்த இராமநாதபுரம் மாவட்டத்தில் மண் வண்டிகளுக்கு ஸ்பேனர் பிடிக்கிறேன். இந்த ஒரு வாக்கியத்தை எத்தனை வாயிலிருந்து கேட்டிருப்பேன் என்று கணக்கே இல்லை. கேட்டுக் கேட்டுப் புளித்துப்போய்த்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

பெரிய வண்டியால் சின்ன வேலை ஆகாது. இதை விளக்கமாகவே சொல்கிறேன், கொஞ்சம் பொறுங்கள்.

நம் ஊரில் மண் கணக்கு யூனிட்டில்தான். 100 கன அடி ஒரு யூனிட். 20 டன் வண்டியின் பக்கெட் மூன்று முறை அள்ளினால் ஏறக்குறைய ஒரு யூனிட். 7 டன் வண்டிக்குப் பத்து பக்கெட், 3 டன் குட்டி வண்டிக்கு முப்பதுக்கு மேல். இதைப் பார்த்ததும் எல்லோருக்கும் கண் விரிந்துவிடுகிறது: மூணே பக்கெட்டில் ஒரு யூனிட்டா! சரி, அள்ளிய மண்ணை எங்கே கொட்டுவீர்கள்? மூன்று யூனிட் டிப்பர் ஒன்றை இந்த வண்டி நாலு நிமிடத்தில் நிரப்பிவிடும். டிப்பர் போய்க் கொட்டிவிட்டுத் திரும்ப 40 நிமிடம். உங்களிடம் இருப்பது இரண்டு டிப்பர். ஆக, 44 நிமிடத்துக்கு 8 நிமிடம்தான் வண்டிக்கு வேலை. மிச்ச நேரம் ஆபரேட்டர் ஏசியைப் போட்டுக்கொண்டு போன் பார்க்கிறார், இன்ஜின் ஓடுகிறது, டீசல் குறைகிறது, மீட்டரில் மணி ஏறுகிறது. மணி ஏறினால் 250-லும் 500-லும் ஃபில்டர், ஆயில் என்று சர்வீஸ் முன்னால் வந்து நிற்கும். வேலை கொடுத்தவரோ "நின்ன நேரத்துக்கெல்லாம் நான் காசு தர முடியாது" என்பார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. அதே இரண்டு டிப்பருக்கு 7 டன் வண்டியை விட்டால் பாதி நேரமாவது வேலை இருக்கும், டீசலும் பாதிக்குக் கீழேதான் குடிக்கும்.

குழாய் பதிக்கிற வேலையையும் எடுத்துக்கொள்ளுங்கள். 2 அடி அகலம், 3 அடி ஆழம், 100 அடி நீளம். 6 யூனிட் மண். மூன்றரை அடி பக்கெட் மாட்டிய பெரிய வண்டி அதே 100 அடியில் பத்தரை யூனிட்டைத் தோண்டிப் போட்டுவிடும். கூடுதலாகத் தோண்டிய நாலரை யூனிட்டுக்கு யாரும் பணம் தரமாட்டார்கள். அதைத் திரும்ப மூடி, தண்ணீர் விட்டு, இறுக்குவது உங்கள் செலவு. "சின்ன பக்கெட் மாட்டிக்கலாம்ல?" என்று ஒருவர் கேட்டார். மாட்டலாம். யானையைக் கொண்டுவந்து பூப்பறிக்கச் சொன்னால் அதுவும் பறிக்கும், தீனி மட்டும் யானைத் தீனியாகவே இருக்கும்.

அடுத்து தவணை. பேச்சுக்கு மாதம் 1,20,000 என்று வையுங்கள். டீசல், ஆபரேட்டர் சம்பளம், பேட்டா, கிரீஸ் எல்லாம் போக மணிக்கு 600 ரூபாய் கையில் நின்றாலே பெரிய விஷயம். தவணைக்கு மட்டும் 200 மணி ஓட வேண்டும். ஒரு செப்டிக் டேங்க் குழி மூன்று மணி நேரம் என்றால் மாதம் 67 குழி. எந்த ஊரில் மாதம் 67 வீட்டுக்கு செப்டிக் டேங்க் தோண்டுகிறார்கள்?

இனி தெருவுக்கு வருவோம். கீழக்கரையில் ஒரு பழைய வீட்டுக் கொல்லையில் குழி தோண்ட வேண்டும் என்று அழைப்பு வருகிறது. 3 டன் வண்டியின் அகலம் 5 அடியை ஒட்டி. 7 டன் வண்டியும் ஜேசிபியும் ஏழரை அடி. 20 டன் வண்டி பத்தடியைத் தொடும். அந்தச் சந்தின் அகலம் என்ன, கேட்டின் அகலம் என்ன, மேலே கரண்டு கம்பி எத்தனை அடியில் தொங்குகிறது? வண்டி வாங்குமுன் 5 மீட்டர் டேப் ஒன்றை எடுத்துக்கொண்டு, கடைசியாக நீங்கள் கூலிக்கு வண்டி வைத்துச் செய்த இருபது வேலை இடங்களுக்கும் போய் அளந்துவிட்டு வாருங்கள். ஷோரூமில் தருகிற வண்ணப் புத்தகத்தை அதற்குப் பிறகு புரட்டலாம்.

போவதும் வருவதும் இன்னொரு தலைவலி. செயின் வண்டி தார்ச்சாலையில் ஓடக் கூடாது. ஒவ்வொரு இடம் மாற்றத்துக்கும் 20 டன் வண்டிக்கு லோபெட் என்கிற தாழ்வான டிரெய்லர் வேண்டும். உச்சிப்புளியில் ஒரு வேலை முடிந்து, பாம்பன் பாலம் தாண்டி தங்கச்சிமடத்தில் அரை நாள் வேலை என்றால், டிரெய்லர் வாடகைக்கே அந்த அரை நாள் போய்விடும். குட்டி வண்டியை ஒரு சின்ன டிப்பரிலேயே ஏற்றிக்கொண்டு போய்விடலாம். வாடகையை மிச்சம் பிடிக்கிறேன் என்று நாலு கிலோமீட்டர் செயினிலேயே நடத்திக் கொண்டுவருகிற ஆட்களும் உண்டு. ரோட்டில் பல் பல்லாகத் தடம் விழும், செயினைத் தாங்குகிற ரோலரும் அதைச் சுற்றுகிற பல்சக்கரமான ஸ்ப்ராக்கெட்டும் தேயும். செயின் வண்டியின் பராமரிப்புச் செலவில் பெரும்பங்கைத் தின்பதே அடிப்பாகம்தான். நடத்திக் கொண்டுவந்து மிச்சம் பிடித்த காசு என் பட்டறைக்குத்தான் வருகிறது. எனக்கு லாபம்தான், இருந்தாலும் சொல்கிறேன்.

ஆழத்தைப் பற்றியும் ஒரு பெருமை இருக்கிறது. "இது 21 அடி இறங்கும்ணே!" இறங்கட்டும். கடலோர மணலில் 21 அடிக்கு என்ன வேலை? பல இடங்களில் ஆறேழு அடியிலேயே தண்ணீர் சுரந்துவிடுகிறது. தண்ணீர் வந்த மணல் நிற்காது, தோண்டத் தோண்டச் சரியும். காய்ந்த மணலே முப்பது முப்பத்தைந்து பாகைச் சரிவில்தான் நிற்கும். 6 அடி ஆழத்துக்கு ஒவ்வொரு பக்கமும் ஒன்பது பத்து அடி அகலம் விட்டால்தான் குழி குழியாக இருக்கும். 3 டன் வண்டியே ஒன்பது அடி வரை இறங்கும். வீட்டு வேலைக்கு அது போதும்.

கிணறு, ஊருணி வேலையில் "இன்னும் ரெண்டு அடி போடு, இன்னும் ரெண்டு அடி" என்று ஊர்க்காரர்கள் விரட்டுவார்கள். கேட்காதீர்கள். மணலுக்குள் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீர் மேல் மிதந்துகொண்டிருக்கிறது. நல்ல தண்ணீர் கடல் மட்டத்துக்கு மேல் ஒரு அடி நின்றால் கீழே சுமார் 40 அடி வரை நல்ல தண்ணீர் என்பது நிலத்தடி நீர் படித்தவர்களின் பழைய கணக்கு. கால் அடிதான் நிற்கிறது என்றால் 10 அடியோடு சரி. கை நீளமான வண்டி கிடைத்ததே என்று அதற்குக் கீழே போனால் ஊருக்கு உப்புத் தண்ணீர்தான். பாம்பன் பக்கத்து வயசாளிகளைக் கேட்டுப் பாருங்கள். "கையால தோண்டுன ஊத்துதாம்ப்பா இனிக்கும்" என்று அவுக சொல்வாக.

இறால் பண்ணை வேலைக்கு 20 டன்தான் சரி என்று வாதாடுவார்கள். பாதி உண்மை. கரை எடுக்க, குளம் வெட்ட அதன் எட்டும் தூரம் உதவும். மீதிப் பாதியை தேவிபட்டினம் பக்கம் என் கண்ணாலேயே பார்த்தேன். மேலே வெயிலில் காய்ந்து வெடித்த ஏடு, பார்த்தால் கல்லு மாதிரி. ஏறி நின்ற வண்டி முதல் பக்கெட் அள்ளும்வரை ஆடவில்லை. பக்கெட் நிறைந்ததும் பாரம் முழுக்க முன்பக்கம் சாய்ந்தது. செயினின் முன்முனைச் சக்கரமான ஐட்லர் ஏட்டை உடைத்துக்கொண்டு சேற்றுக்குள் போனது. வெளியே வர ஆபரேட்டர் செயினைச் சுற்றச் சுற்ற இன்னும் புதைந்தது. இழுக்க வந்த இரண்டாவது வண்டியும் பாதி இறங்கிவிட்டது. மறுநாள் தென்னந்தடிகளை அடியில் செருகி ஏற்றினோம். அதற்குள் செயினைச் சுழற்றுகிற டிராவல் மோட்டார் வரை உப்புத் தண்ணீர். அந்த நிலத்துக்கு செயினில் அகலத் தகடு (ஷூ) போட்ட வண்டி வேண்டும், அடியில் விரிக்கத் தடி வேண்டும், எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு கடப்பாரையை இறக்கிப் பார்க்கிற பொறுமை வேண்டும். எத்தனை டன் என்பதை அப்புறம் பார்க்கலாம்.

கண்மாய் வேலைக்குப் பெரிய வண்டிதான். மறுக்கவில்லை. 2017-ல் குடிமராமத்து திரும்ப வந்த பிறகு அந்த ஆசையில்தான் பலர் 20 டன் வாங்கினார்கள். கண்மாயில் தண்ணீர் வற்றிய பிறகுதானே வேலை? சித்திரையில் தொடங்கினால் ஐப்பசி மழைக்குள் முடிந்துவிடும். அதிலும் ஒப்பந்தம் எடுப்பவர்கள் சொந்த வண்டியோடு வருகிறார்கள். வருடத்தில் ஆறு மாதத்துக்குள் முடிகிற வேலைக்காகப் பன்னிரண்டு மாதத் தவணையைத் தலையில் சுமப்பானேன்? அந்த வேலை வந்தால் வாடகைக்கு எடுங்கள். பாதி லாபம் வாடகைக்குப் போகும், போகட்டும். வீடு மிஞ்சும்.

அப்படியானால் எதைத்தான் வாங்குவது? ஈசிஆர் என்கிற கிழக்குக் கடற்கரைச் சாலை நெடுக சாயல்குடியிலிருந்து தொண்டி வரை சிதறிக் கிடக்கிற வேலை, பாதிக்குப் பாதி மண் தள்ளுவது, லோடு ஏற்றுவது என்றால் முதல் வண்டி ஜேசிபியாக இருக்கட்டும். டிரெய்லர் வேண்டாம், தன் காலில் போய்விடும். கடற்கரை மணலில் மட்டும் அந்த டயர் புதைந்து உயிரை வாங்கும். சந்துக்குள் செப்டிக் டேங்க், குழாய், அஸ்திவாரக் குழி என்று வாழ்கிறவருக்கு 3 அல்லது மூன்றரை டன். பனையின் அடிமரத்தைப் பெயர்க்க, சீமைக் கருவேலத்தை வேரோடு பிடுங்க அந்தக் குட்டி வண்டி திணறும்; அடிமரத்தைச் சுற்றிச் சுற்றி அரை நாள் குடைந்துகொண்டிருப்பீர்கள். அதற்கு 7 டன். இராமேஸ்வரம், மண்டபம் பக்கம் பவளக்கல் தட்டுகிற இடத்திலும் குறைந்தது 7 டன் இருந்தால்தான் கல் உடைக்கிற பிரேக்கர் மாட்டிப் பிழைக்க முடியும். ஒன்றரை டன் பொம்மை வண்டியில் பிரேக்கர் மாட்டி பூம் (பெரிய கை) விரிசலோடு வருகிறவர்களிடம் எனக்குப் பேசவே பிடிப்பதில்லை.

பழைய வண்டி வாங்குகிறவர்கள் மீட்டரைப் பார்த்து ஏமாறாதீர்கள். மீட்டர் வயரைக் கழற்றிவிட்டு ஓட்டுவது பத்தாம் வகுப்புப் பையனுக்கும் தெரிந்த வித்தை. பக்கெட் பின்னில் ஆட்டம் எவ்வளவு, ஸ்ப்ராக்கெட் பல் கூராகிவிட்டதா, ராடு வழவழப்பாக இருக்கிறதா என்று கையால் தடவிப் பாருங்கள். பெயின்ட் புதிதாக மின்னினால் கூடுதலாகச் சந்தேகப்படுங்கள்.

கடல் பக்கம் வேலை முடிந்த அன்றே நல்ல தண்ணீரில் கழுவுங்கள். செயினையும்தான், பளபளக்கிற கேபினை மட்டும் கழுவிவிட்டு வராதீர்கள். நிறுத்தும்போது ஆர்மை முழுக்க நீட்டி, பக்கெட்டை விரித்து, ராடுகள் சிலிண்டருக்குள் போகிற மாதிரி நிறுத்துங்கள். வெளியே தெரிகிற மிச்சத்தில் கிரீஸ் பூசுங்கள். வாரம் ஒருமுறை ஸ்டார்ட் செய்து எல்லாக் கையையும் அசையுங்கள். ஐந்து நிமிட வேலை.

அலை ஏறும் கோட்டிலிருந்து 500 மீட்டருக்குள் யாராவது தோண்டக் கூப்பிட்டால் அனுமதித் தாளைக் கையில் வாங்கிப் பார்க்காமல் வண்டியை இறக்காதீர்கள். "மணல்தானே, ராத்திரி ரெண்டு லோடு" என்பவனிடம் போனையே எடுக்காதீர்கள். கனிமச் சட்டத்தில் வண்டியையே பறிமுதல் செய்யலாம். வண்டி தாலுகா ஆபீஸ் வாசலில் துருப்பிடிக்கும், தவணை மட்டும் மாதம் தவறாமல் வந்துகொண்டிருக்கும்.

இன்னொன்றைக் கெஞ்சியே கேட்கிறேன். மணலில் தோண்டிய ஐந்தடிப் பள்ளத்துக்குள் முட்டுப் பலகை கொடுக்காமல் ஆளை இறக்காதீர்கள். ஒரு கன மீட்டர் ஈர மணல் இரண்டு டன்னை நெருங்கும். இடுப்பு வரை மூடினாலே ஆளை வெளியே இழுக்க முடியாது, மார்பு வரை வந்தால் மூச்சு முட்டும். அள்ளிய மண்ணைப் பள்ளத்தின் விளிம்பிலேயே மலையாகக் குவிக்கிற பழக்கத்தை விடுங்கள். வண்டி திரும்புகிற வட்டத்துக்குள் ஹெல்பரை நிற்கவிடாதீர்கள். இதையெல்லாம் ஒவ்வொரு இடத்திலும் சொல்கிறேன். "சரிண்ணே, சரிண்ணே" என்று தலையாட்டிவிட்டு, நான் பைக்கை எடுத்ததும் அதே பையனை அதே பள்ளத்தில் இறக்குகிறார்கள்.

பெரியபட்டினம் தம்பி நேற்று போன் செய்தார். வண்டியை விற்றுவிடலாமா என்று கேட்டார். தையில் விற்றால் அடிமாட்டு விலைக்குத்தான் கேட்பான், சித்திரை வரை பொறு, கண்மாய் வேலைக்கு ஆள் தேடுவார்கள், ஓடுகிற வண்டிக்கு விலை நிற்கும் என்றேன். ராடைக் கழற்றி குரோம் பூசக் கொடுத்திருக்கிறேன், வந்ததும் மாட்டித் தருகிறேன். அதுவரை தவணைக்கு என்ன செய்வாய் என்று கேட்டேன். மச்சானின் குட்டி வண்டியை ஓட்டப் போகிறாராம், கீழக்கரையில் வேலை தொடர்ந்து இருக்கிறதாம்.