மேசை நாற்காலிகூட இல்லாத எஜமானர்

கார்ல் ஆவர்பாக் 2000-ஆம் ஆண்டில், இணைய முகவரிப் பெயர்களை நிர்வகிக்கும் ஐகேன் அமைப்பின் இயக்குநரானவர். இணையப் பயனர்கள் நேரடியாக வாக்களித்துத் தேர்ந்தெடுத்த ஐந்து பேரில் ஒருவர். கணக்கு ஏடுகளைப் பார்க்க வேண்டும் என்று கேட்டார். எங்கள் ரகசியக் காப்பு நிபந்தனைகளில் கையெழுத்திட்டுவிட்டுப் பாருங்கள் என்றது நிர்வாகம். அவர் மறுத்துவிட்டார். விவகாரம் 2002-இல் லாஸ் ஏஞ்சலிஸ் நீதிமன்றத்துக்குப் போனது. நிறுவன ஆவணங்களைப் பார்க்க இயக்குநருக்கு முழு உரிமை உண்டு என்னும் கலிஃபோர்னியா மாநிலச் சட்டம் அவரை வெல்ல வைத்தது. அதே ஆண்டு ஐகேன் தன்னைச் சீர்திருத்திக்கொண்டபோது அந்த ஐந்து தேர்தல் இடங்களும் காணாமல் போயின!

இணைய முகவரியில் கடைசிப் புள்ளிக்குப் பின் எது வரலாம் என்ற உலகப் பட்டியல் ஐகேனின் பொறுப்பு. '.காம்' ஆனாலும் '.இலங்கை' ஆனாலும் அதில் இடம்பெற்றால்தான் செல்லும். 1998-இல் கலிஃபோர்னியாவில் பதிவான இந்த லாப நோக்கற்ற நிறுவனம் அந்தப் பணியை அமெரிக்க வணிகத் துறையின் ஒப்பந்தத்தின் கீழ் செய்துவந்தது. சரியாக நடக்காவிட்டால் வேறொருவருக்குக் கொடுத்துவிடலாம் என்பதுதான் அந்த ஒப்பந்தத்தில் இருந்த சாட்டை. 2016 செப்டம்பர் 30-உடன் ஒப்பந்தம் முடிந்தது. இனிச் சாட்டை யார் கையில்?

நிறுவனத்தின் ஒரே 'உறுப்பினர்' என்ற தகுதியை இணையச் சமூகத்தின் தரப்புகளுக்குச் சேர்த்துக் கொடுப்பது ஒரு யோசனை. உறுப்பினருக்கு மாநிலச் சட்டம் தரும் அதிகாரம் பெரிது. நிறுவனத்தைக் கலைப்பதற்கே வாக்களிக்கலாம். ஐகேனின் இயக்குநர் வாரியம் ஒத்துக்கொள்ளவில்லை. கடைசியில் அதைவிடச் சிறிய ஓர் ஏற்பாட்டில் வந்து நின்றார்கள்: மாநிலச் சட்டப்படி இயக்குநர்களை நியமிக்கவும் நீக்கவும் மட்டும் உரிமையுள்ள 'நியமனதாரர்'.

அந்த நியமனதாரரின் பெயர் 'அதிகாரம் பெற்ற சமூகம்'. கலிஃபோர்னியச் சட்டப்படி அது ஒரு சங்கம். தனிச் சட்ட ஆளுமை உண்டு. ஆனால் அதற்குச் சொத்து இருக்கக் கூடாது, ஊழியர் இருக்கக் கூடாது என்று ஐகேனின் துணைவிதிகளே சொல்கின்றன. இணையத்தில் இணையும் கருவிகளுக்கான ஐபி எண்களைப் பங்கிடும் பதிவகங்கள், '.இலங்கை' போன்ற நாட்டுக் குறியீடுகளை நடத்தும் பதிவகங்கள், '.காம்' போன்ற பொதுப் பெயர்த் துறையினர், சாதாரணப் பயனர்கள், அரசுகள் என ஐந்து தரப்புகள் சேர்ந்தால் அதுதான் சங்கம்.

வாரியத்தில் வாக்குள்ள இடங்கள் 16. தலைமைச் செயல் அதிகாரியைத் தவிர மற்ற 15 பேரையும் ஒரேயடியாக வீட்டுக்கு அனுப்ப ஐந்தில் நான்கு தரப்புகள் ஆதரிக்க வேண்டும்; எதிர்ப்பு ஒன்றைத் தாண்டக் கூடாது. துணைவிதிகள் கூடுதலாகத் தந்த உரிமைப்படி வரவு செலவுத் திட்டத்தை நிராகரிக்கவும் இதே கணக்குதான். முதலில் மனு, பிறகு மற்றத் தரப்புகளின் ஆதரவு, பிறகு எல்லோரும் கூடிப் பேசும் மன்றம், அதன் பிறகே முடிவு. கோபம் ஆறுவதற்கென்றே இத்தனை படிகள் கட்டியிருக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றும். ஒரு சூட்சுமம்: அரசுகளின் ஒருமித்த ஆலோசனையை ஏற்று வாரியம் எடுத்த முடிவை எதிர்த்தால், அந்த வாக்கெடுப்பில் அரசுகளுக்கு இடமில்லை. தன் வழக்குக்குத் தானே நீதிபதியாக முடியாதல்லவா!

வாரியத்தைக் கூண்டோடு நீக்கும் அந்த அதிகாரம் இதுவரை பயன்படுத்தப்படவில்லை. மிரட்டிக்கொண்டிருப்பதே அதன் வேலை என்பார்கள். எனக்கு அதில் பாதி நம்பிக்கைதான்.

தொண்டு நிறுவனங்கள் அதிகம் பயன்படுத்தும் '.ஆர்க்' முகவரிகளின் விவகாரத்தைப் பாருங்கள். அவற்றை நடத்தும் பதிவகத்தை ஈதோஸ் கேப்பிடல் என்ற முதலீட்டு நிறுவனத்துக்கு 113.5 கோடி டாலருக்கு விற்கப்போவதாக 2019 நவம்பரில் அறிவிப்பு வந்தது. தொண்டு நிறுவனங்கள் கொதித்தன. கைமாற ஐகேன் வாரியத்தின் சம்மதம் தேவை. அப்படியொரு சம்மதத்தைத் தள்ளுபடி செய்யும் உரிமை சமூகத்தின் அதிகாரப் பட்டியலிலேயே இல்லை. குறுக்கே வந்தவர் கலிஃபோர்னியாவின் அரசுத் தலைமை வழக்கறிஞர். மாநிலத்தில் பதிவான பொதுநல நிறுவனங்களைக் கண்காணிப்பது அவர் வேலை. சம்மதிக்காதீர்கள் என்று 2020 ஏப்ரல் 15-இல் அவருடைய கடிதம் போனது. ஏப்ரல் 30-இல் வாரியம் மறுத்துவிட்டது.