ஓ.ஆர்.எஸ். பேதியை நிறுத்தாது, ஆனாலும் கொடுங்கள்

வயிற்றுப்போக்கோடு குழந்தையைத் தூக்கிக்கொண்டு வரும் பெற்றோரிடம் "ஓ.ஆர்.எஸ். கொடுத்தீர்களா?" என்று கேட்டால், பெரும்பாலும் ஒரே பதில்தான் வருகிறது. "கொடுத்தோம் டாக்டர், நிக்கவே இல்ல. அதான் விட்டுட்டோம்." கூடவே, "ட்ரிப்ஸ் போட்டுடுங்க" என்ற வேண்டுகோள்.

அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் அந்த உப்பு-சர்க்கரைப் பொடிப் பாக்கெட்டைக் கையில் கொடுத்த யாரும் அது என்ன செய்யும் என்று அவர்களுக்குச் சொல்லவில்லை. ஓ.ஆர்.எஸ். பேதியை நிறுத்தாது. வெளியே போன நீரையும் உப்பையும் உடம்புக்குள் திரும்பச் சேர்ப்பதுதான் அதன் வேலை. பேதி போய்க்கொண்டிருக்கும்போதே அந்த வேலையை அது செய்கிறது. இது எப்படி முடிகிறது என்பதற்கான விடை குடலின் உள்சுவரில் உள்ள ஒரு செல்லில் இருக்கிறது. அந்தச் செல்லைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். அது புரிந்துவிட்டால், எவ்வளவு தண்ணீரில் கரைப்பது, ஏன் ஜூஸ் கூடாது என்பதெல்லாம் தானாகப் புரிந்துவிடும்.

பெரியவர் ஒருவரின் குடலுக்குள் ஒரு நாளில் எட்டு, ஒன்பது லிட்டர் நீர் வந்து சேர்கிறது. இதில் நாம் குடிப்பது இரண்டு லிட்டர் போலத்தான். மீதியெல்லாம் எச்சில், இரைப்பை நீர், பித்தநீர், கணைய நீர், குடலே சுரக்கும் நீர். இவ்வளவும் வந்தும் மலத்தோடு வெளியே போவது 100 முதல் 200 மில்லி லிட்டர்தான். மீதி முழுவதையும் குடல் திரும்ப உறிஞ்சிக்கொள்கிறது. இந்தக் கணக்கை மனதில் வைத்தால், ஒரே இரவில் ஒரு குழந்தையின் கண் குழி விழுந்துபோவது ஏன் என்று விளங்கும். உறிஞ்சுவது குறைந்து சுரப்பது கூடினால் போதும், சில மணி நேரத்தில் நிலைமை கைமீறிவிடும்.

சிறுகுடலின் உட்புறம் வழவழப்பான குழாய் கிடையாது. பள்ளிப் பாடத்தில் படித்திருப்பீர்கள், குடலுறிஞ்சிகள் என்று. ஒரு மில்லி மீட்டருக்கும் குறைவான உயரத்தில், விரல் போல நீட்டிக்கொண்டிருப்பவை. ஒவ்வொரு குடலுறிஞ்சியையும் மூடியிருப்பது ஒரே ஓர் அடுக்கு செல்கள். நம் ரத்தத்துக்கும் நாம் விழுங்கியதற்கும் நடுவில் இருக்கும் எல்லை அந்த ஓர் அடுக்குதான். அந்தச் செல்லின் மேல்முகம் குடலைப் பார்த்திருக்கிறது. அதில் ஆயிரக்கணக்கான நுண்ணிய நீட்சிகள். கீழ்முகம் ரத்தநாளத்தைப் பார்த்திருக்கிறது. இரண்டு முகத்திலும் செல் சவ்வு ஒன்றுபோலத் தெரிந்தாலும், அதில் பதிந்திருக்கும் புரதங்கள் வேறு வேறு. விஷயமே அந்த வேறுபாட்டில்தான் இருக்கிறது.

கீழ்முகச் சவ்வில் சோடியம்-பொட்டாசியம் பம்ப் என்ற புரதம் உண்டு. 1957இல் டென்மார்க்கின் யென்ஸ் ஸ்கோ இதைக் கண்டறிந்தார். நாற்பது ஆண்டு கழித்து 1997இல் நோபல் பரிசு பெற்றார். மூன்று சோடியத்தை வெளியே தள்ளி, இரண்டு பொட்டாசியத்தை உள்ளே இழுக்கும் இந்த பம்ப் ஓய்வே இல்லாமல் ஓடுகிறது. அதற்கான ஆற்றல், செல்லின் மின்நிலையம் போன்ற மைட்டோகாண்ட்ரியாவில் உருவாகும் ஏ.டி.பி. என்ற எரிபொருளிலிருந்து வருகிறது. விளைவு, செல்லுக்குள் சோடியம் எப்போதும் குறைவாகவே இருக்கும். அதனால் குடலில் இருக்கும் சோடியம் உள்ளே வரத் துடித்துக்கொண்டிருக்கும்.

ஆனால் சவ்வு கொழுப்பால் ஆனது. உப்பு தன்னால் அதைத் தாண்ட முடியாது, சர்க்கரையாலும் முடியாது. மேல்முகச் சவ்வில் இவற்றுக்கென்று ஒரு கதவு இருக்கிறது. எஸ்.ஜி.எல்.டி.1 என்பது அந்தப் புரதத்தின் பெயர். இரண்டு சோடியமும் ஒரு குளுக்கோஸும் சேர்ந்து வந்தால்தான் அந்தக் கதவு இரண்டையும் உள்ளே விடும். உப்பு மட்டும் வந்தாலோ சர்க்கரை மட்டும் வந்தாலோ அந்த வழியே நுழைய முடியாது. இப்படி ஓர் ஏற்பாடு இருக்க வேண்டும் என்று 1960இல் பிராகா நகரில் நடந்த கூட்டத்தில் உயிர்வேதியியலாளர் ராபர்ட் கிரேன் சொன்னார். உள்ளே வந்த குளுக்கோஸ் கீழ்முகத்தில் வேறொரு புரதம் வழியாக ரத்தத்துக்குப் போகிறது. சோடியத்தை பம்ப் வெளியே தள்ளுகிறது. கரைந்த பொருள் எங்கே அதிகமோ அந்தப் பக்கம் தண்ணீர் நகரும். ஆகவே சோடியமும் குளுக்கோஸும் போன வழியே தண்ணீரும் பின்னாலேயே போய்விடுகிறது.

சரி, பேதியில் என்ன கெட்டுப்போகிறது? காலராவை எடுத்துக்கொண்டால் தெளிவாகப் புரியும். காலராக் கிருமி ஒரு நச்சைச் சுரந்துதான் நீரை வெளியேற்றுகிறது என்பதை முயல் குடலில் செய்த சோதனை மூலம் 1959இல் காட்டியவர் கொல்கத்தாவின் சம்பு நாத் டே. அந்த நச்சு செல்லுக்குள் நுழைந்து ஒரு சமிக்ஞையை நிரந்தரமாக இயக்கிவிடுகிறது. உப்பில் சோடியத்தோடு சேர்ந்திருக்கும் குளோரைடு வெளியேறும் வழி திறந்தபடியே நின்றுவிடுகிறது. குளோரைடின் பின்னால் சோடியம், அதன் பின்னால் தண்ணீர் என்று குடலுக்குள் கொட்டுகிறது. உப்பை வழக்கமாக உறிஞ்சும் வேறு சில வழிகளும் அடைபடுகின்றன. ஆனால் சோடியமும் குளுக்கோஸும் சேர்ந்து நுழையும் அந்த ஒரு கதவை மட்டும் நச்சு தொடுவதில்லை. அது பழையபடியே வேலை செய்கிறது.

எனக்கு மருத்துவத்தில் மிகவும் பிடித்த செய்தி இதுதான். சுரப்பதை நம்மால் உடனே நிறுத்த முடியாது. நச்சு ஏறிய செல் உதிரும்வரை அது சுரந்துகொண்டே இருக்கும். ஆனால் பக்கத்திலேயே உறிஞ்சும் வழி ஒன்று திறந்திருக்கிறது. உப்பும் குளுக்கோஸும் சரியான அளவில் கலந்த தண்ணீரைக் கொடுத்தால், வெளியேறும் வேகத்துக்கு ஈடாக உள்ளே எடுத்துக்கொள்ளலாம். பேதி போய்க்கொண்டேதான் இருக்கும். குழந்தை மட்டும் வறண்டு போகாது. "நிக்கல" என்பதை வைத்து மருந்தை எடைபோடாதீர்கள். சிறுநீர் போகிறதா, நாக்கு ஈரமாக இருக்கிறதா, குழந்தை முகம் பார்த்துச் சிரிக்கிறதா என்று பாருங்கள்.

இதை உலகுக்கு நிரூபித்துக் காட்டியது 1971. வங்கதேசப் போரின்போது எல்லை தாண்டி வந்த அகதிகள் முகாம்களில் காலரா பரவியது. மேற்கு வங்கத்தின் பன்காவ் மருத்துவமனையில் இடமும் இல்லை, ட்ரிப்ஸ் பாட்டிலும் தீர்ந்துகொண்டிருந்தது. அங்கே இருந்த டாக்டர் திலீப் மகலனாபிஸ், உப்பு, சோடா உப்பு, குளுக்கோஸ் மூன்றையும் அளந்து பொட்டலம் கட்டவைத்து, தண்ணீரில் கரைத்து, நோயாளிகளின் உறவினர்களையே புகட்டச் சொன்னார். முப்பது சதவீத அளவில் இருந்த இறப்பு விகிதம், அவருடைய பராமரிப்பில் இருந்தவர்களிடம் நான்கு சதவீதத்துக்கும் கீழே வந்தது. அதைச் சாதித்தவர்கள் பயிற்சி எதுவும் இல்லாத அம்மாக்களும் அண்ணன்களும். 2022இல் அவர் காலமானார். மறு ஆண்டு பத்ம விபூஷண் அறிவிக்கப்பட்டது. அவர் பெயர் நம் பாடப் புத்தகங்களில் இருக்க வேண்டும் என்பது என் ஆசை.

இன்று நாம் பயன்படுத்தும் உலக சுகாதார நிறுவனத்தின் கலவையில், ஒரு லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ், 2.6 கிராம் சோடியம் குளோரைடு, 1.5 கிராம் பொட்டாசியம் குளோரைடு, 2.9 கிராம் சோடியம் சிட்ரேட். மூலக்கூறு எண்ணிக்கையில் (லிட்டருக்கு மில்லிமோல் என்ற அளவில்) பார்த்தால் சோடியம் 75, குளுக்கோஸ் 75, சரிக்குச் சரி. கரைந்தவை எல்லாம் சேர்ந்த மொத்த அடர்த்தி அதே அளவில் 245. நம் ரத்தத்தின் அடர்த்தி 290 அளவில் இருப்பதால், தண்ணீர் இயல்பாகவே ரத்தத்தின் பக்கம் நகரும்.

நான் அடிக்கடி பார்க்கும் பிழை, கரைக்கும் அளவில்தான். ஒரு லிட்டருக்கான பாக்கெட்டை ஒரு டம்ளரில் கொட்டிக் கொடுத்துவிடுகிறார்கள். 200 மில்லியில் கரைத்தால் சோடியம் 375 ஆகிறது. ரத்தத்தில் இருப்பதே 140தான். அது குழந்தையின் ரத்தத்தில் உப்பை ஏற்றி, வலிப்பு வரைக்கும் கொண்டுபோகலாம். சிலர் பாக்கெட்டைப் பிரித்து, தேவைப்படும்போது ஒரு ஸ்பூன் என்று போடுகிறார்கள். பொடி ஒரே சீராகக் கலந்திருக்காது. ஒரு ஸ்பூனில் உப்பு அதிகம், இன்னொன்றில் சர்க்கரை அதிகம் என்று போய்விடும். 200 மில்லிக்கான சின்ன பாக்கெட்டை ஒரு லிட்டரில் கரைப்பதும் உண்டு. அதில் சோடியம் 15தான் இருக்கும், இழப்பை ஈடு செய்யாது. ஆகவே பாக்கெட்டின் மேல் எவ்வளவு தண்ணீர் என்று போட்டிருக்கிறதோ, அதை வாசித்துவிட்டு முழுப் பாக்கெட்டையும் ஒரே தடவையில் கரையுங்கள். வீட்டுச் சொம்பை நம்ப வேண்டாம். கடையில் வாங்கிய ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் நல்ல அளவு. கொதிக்க வைத்து ஆறிய தண்ணீரில் கரைக்கலாம், கரைத்த பிறகு கொதிக்க வைக்கக் கூடாது. 24 மணி நேரம் ஆனால் கொட்டிவிட்டுப் புதிதாகக் கரைக்க வேண்டும். ருசிக்காகச் சர்க்கரை சேர்ப்பது, பாலில் கரைப்பது இரண்டுமே வேண்டாம்.

அப்புறம் இந்தக் கடைப் பானங்கள். குளிர்பானங்களில் 100 மில்லிக்குச் சுமார் 10 கிராம் சர்க்கரை இருக்கிறது, ஓ.ஆர்.எஸ்.ஸில் இருப்பது 1.35 கிராம். சோடியமோ பெயரளவுக்குத்தான். உறிஞ்ச முடியாத அளவு சர்க்கரை குடலில் தேங்கினால், தண்ணீர் ரத்தத்திலிருந்து குடலுக்குள் இழுக்கப்படும். பேதி இன்னும் கூடும். அட்டைப் பெட்டியில் ஓ.ஆர்.எஸ். என்ற எழுத்துகளைப் பெரிதாகப் போட்டு, உள்ளே பழரசச் சர்க்கரைத் தண்ணீரை விற்றது பல ஆண்டுகள் நடந்தது. ஹைதராபாத் குழந்தை மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் விடாமல் போராடினார். 2025 அக்டோபரில், உலக சுகாதார நிறுவனத்தின் கலவையில் இல்லாத எந்தப் பானமும் ஓ.ஆர்.எஸ். என்ற பெயரைப் பயன்படுத்தக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவிட்டது. கடையில் வாங்கும்போது இன்றும் பின்பக்கத்தைப் படித்துவிட்டே வாங்குங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகத் தரும் பாக்கெட் எந்த வகையிலும் குறைந்ததல்ல.

பாக்கெட் கைக்கு வரும்வரை வீட்டில் இருப்பதைக் கொடுக்கலாம். உப்புப் போட்ட அரிசிக் கஞ்சி மிக நல்லது. அரிசியின் மாவுச்சத்து மெதுமெதுவாகக் குளுக்கோஸாக உடைந்து, அதே கதவுக்குத்தான் வந்து சேர்கிறது. உப்புப் போட்ட மோரும் சரி. இளநீரில் பொட்டாசியம் உண்டு, சோடியம் குறைவு. அதை மட்டும் நம்பியிருக்கக் கூடாது. எதுவுமே இல்லையென்றால், ஒரு லிட்டர் தண்ணீரில் தலை தட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, தலை தட்டிய அரை டீஸ்பூன் உப்பு.

"கொடுத்தா வாந்தி எடுக்குது" என்பது அடுத்த சிக்கல். டம்ளரோடு கொடுத்தால் எடுக்கும்தான். பத்து நிமிடம் விட்டு, டீஸ்பூனால் தொடங்குங்கள். இரண்டு நிமிடத்துக்கு ஒரு ஸ்பூன் என்றால் மணிக்கு 150 மில்லி உள்ளே போய்விடும். பொறுமை வேண்டிய வேலை, உண்மைதான். ஒவ்வொரு தடவை பேதி போன பிறகும் இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு 50 முதல் 100 மில்லி, அதற்கு மேற்பட்ட குழந்தைக்கு 100 முதல் 200 மில்லி. தாய்ப்பாலை நிறுத்தவே கூடாது. இட்லி, பருப்புச் சோறு, வாழைப்பழம் எல்லாம் கொடுக்கலாம். பட்டினி போட்டால் குடல் ஆறுவது தள்ளித்தான் போகும்.

ட்ரிப்ஸ் எப்போது வேண்டும் என்றால், குடிக்கவே முடியாதபோது. குழந்தை துவண்டுபோய் எழுப்பினாலும் எழாமல் இருப்பது, கண் நன்றாகக் குழி விழுந்திருப்பது, வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டால் மெதுவாகத் திரும்புவது, ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகாமல் இருப்பது, நிற்காத வாந்தி, மலத்தில் ரத்தம்: இவற்றில் ஒன்று இருந்தாலும் வீட்டில் காத்திருக்காமல் மருத்துவமனைக்கு வந்துவிடுங்கள். வழியிலும் குடிக்க முடிந்தால் ஓ.ஆர்.எஸ். கொடுத்துக்கொண்டே வாருங்கள். மற்றபடி, "தெம்புக்கு ஒரு குளுக்கோஸ் பாட்டில்" என்று ஏற்றிக்கொள்வதில் பயன் இல்லை. வெறும் குளுக்கோஸ் பாட்டிலில் சோடியமே கிடையாது. பேதியை அடக்கும் மாத்திரைகளைக் குழந்தைகளுக்குக் கொடுக்கவே வேண்டாம். ஆன்டிபயாடிக்கும் பெரும்பாலான பேதிக்குத் தேவைப்படாது.

சர்க்கரை நோய் உள்ள தாத்தா பாட்டிகளும் கேட்கிறார்கள், ஓ.ஆர்.எஸ். குடிக்கலாமா என்று. பேதி இருக்கும்போது குடிக்கலாம். ஆனால் டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகை மாத்திரை சாப்பிடுகிறவர்கள் உடனே தங்கள் மருத்துவரிடம் பேசுங்கள். சிறுநீரகத்தில் இதே குடும்பத்தைச் சேர்ந்த எஸ்.ஜி.எல்.டி.2 என்ற புரதத்தை அந்த மாத்திரை தடுக்கிறது. சர்க்கரையோடு நீரும் சிறுநீரில் போகும் என்பதால், பேதி சமயத்தில் அதைச் சில நாள் நிறுத்திவைக்கச் சொல்வது வழக்கம். இதயம், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் அளவைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

குடல் செல்லின் ஆயுள் மூன்று முதல் ஐந்து நாள்தான். குடலுறிஞ்சிகளின் அடியில் உள்ள குழிகளில் புதிய செல்கள் பிறந்து, மேலே ஏறி, நுனியில் உதிர்கின்றன. பெரும்பாலான பேதி சில நாளில் தானாக அடங்குவதற்கு இதுவும் ஒரு காரணம். அந்த மறுவளர்ச்சிக்குத் துத்தநாகம் தேவை. அதனால்தான் ஜிங்க் மாத்திரை தருகிறோம்: ஆறு மாதத்துக்கு மேல் தினம் 20 மில்லிகிராம், அதற்குக் கீழே 10, பதினான்கு நாள். பேதி நின்ற மூன்றாம் நாளே மாத்திரையை நிறுத்திவிடும் வீடுகள் அதிகம், முழுவதும் கொடுங்கள்.

குழந்தைகளுக்குப் பேதி உண்டாக்கும் ரோட்டா வைரஸ் அந்த நுனிச் செல்களையே தாக்கிச் சிதைக்கிறது. சிதைவு திட்டுத்திட்டாக இருப்பதால், மிச்சமுள்ள செல்களை வைத்து அதிலும் ஓ.ஆர்.எஸ். வேலை செய்யும். ஆனால் அதைத் தடுக்கவே வழி இருக்கிறது. தமிழ்நாட்டில் அரசுத் தடுப்பூசி அட்டவணையில் 2017 முதல் ரோட்டா வைரஸ் சொட்டு மருந்து இருக்கிறது. 6, 10, 14 வாரங்களில் வாய் வழியே தரப்படுகிறது. விட்டுப்போயிருந்தால், ஒரு வயது முடிவதற்குள் முதல் தவணையைத் தொடங்கலாம். வீட்டில் கைக்குழந்தை இருந்தால் தடுப்பூசி அட்டையை எடுத்து அந்த மூன்று கட்டங்களிலும் தேதி போட்டிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.